சுகி இரண்டு

"ஃபான்ட் அனுப்ப வேண்டாம் மேடம், எங்க சிஸ்டத்துலயே கெடக்கு" என்றார் வேல்மயில். சிவகாசி அச்சகத்தில் வருகிற ஃபைல்களைத் திறந்து பார்த்து, பக்கங்களைச் சரிசெய்து, அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புகிறவர் அவர். சுகிர்தாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாவம், வேறு எதையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார்.

"எந்த ஃபான்ட்டுண்ணே?"

"சுகிதான் மேடம். நீங்க வீட்ல கேட்டுட்டு அனுப்புறேன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு முன்னாடி சும்மா தெறந்து பாத்தேன். ஃபான்ட் இல்லன்னு கேக்கும்னு பாத்தா கேக்கவே இல்ல. மதுரை நளாயினி மேடம் போன மாசம் ஒரு விழா மலர் அடிச்சாங்க, அந்த ஃபைலோட வந்துருக்கு. ஆனா உங்க வரியெல்லாம் கொஞ்சம் தள்ளுது. உங்கள்து பழசு போல. இது சுகி ரெண்டு. இதுல ழ நல்லா நிக்குது மேடம்."

"ம்."

"எதப் போடட்டும்? இதையே வச்சுக்கிறதா, பழச அனுப்புறீங்களா? நான் சாப்ட்டு வந்துர்றேன், அதுக்குள்ள சொல்லிருங்க. இத உங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டு விடுறேன், பாத்துக்குங்க."

அவர் போனை வைத்த பிறகும் அவள் தன் போனைக் காதோடு பிடித்தபடியே இருந்தாள். கீழ்வீட்டில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. மகாராஜநகர் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் சாய்த்துப் போட்டிருந்தது. திரையில், அவள் பக்கம் அமைத்துக்கொண்டிருக்கிற பறவைப் புத்தகத்தில், ஒரு கூழைக்கடா தன் பெரிய அலகைத் தூக்கிக்கொண்டு நின்றது, கீழே அதன் பெயர், அந்தப் பெயரில் ஒரு ழை, வழக்கம்போல முன்னால் சாய்ந்து அடுத்த எழுத்தின் தோளில் விழப்போகிற ழை. நல்லா நிக்குது மேடம். யார் வீட்டு ழ யார் வீட்டில் நல்லா நிற்கிறது? சுகி ரெண்டு என்றாரே. ரெண்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒன்றே இந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை, போகக்கூடாது என்று அத்தானும் அவளும் பேசி வைத்திருந்தது. அதனால்தானே பறவைச் சங்கத்துச் செயலாளர் ஞானமுத்து சார், கடைசி நேரத்தில் படக்குறிப்பை மாற்றுகிற பழக்கமுள்ள மனிதர், திருத்த முடிகிற ஃபைலாகவே அச்சகத்துக்கு அனுப்புங்கள் என்று பிடிவாதம் பிடித்தபோது, படங்களையும் பக்கங்களையும் அனுப்பிவிட்டு எழுத்துரு இருந்த ஃபோல்டரை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள், அத்தானைக் கேட்காமல் அதை அனுப்ப மனசு வரவில்லை, அத்தான் வரட்டும், மீன் வாங்கப் போயிருக்கிறான், வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று. கேட்கிறாளாம். வீட்டு நகையை வங்கியில் வைக்க அனுமதி கேட்கிற மாதிரி. நகை ஏற்கெனவே மதுரையில் ஒருத்தி கழுத்தில் கிடக்கிறது.

அது அவளுடைய பெயர். அதுதான் திரும்பத் திரும்ப வந்து முள்ளாக நின்றது. அவள் புருஷன் ஆசீர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், சாயங்காலம் வந்து காபி குடித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தால் எழுத்தெழுத்தாக வரைவான், இவள் அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவாள். முதலில் முடிந்த எழுத்துகள் சு, கி. வேண்டுமென்று வரைந்தானா தற்செயலா என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் தற்செயல் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அப்படியே எழுத்துருவுக்குச் சுகி என்று பெயர் வைத்தான். அம்மாகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை, சுகிர்தம் என்று முழுசாக இழுப்பாள், சர்ச்சில் சுகிர்தா, ஆபீசில் மேடம், சுகி என்பது அவன் வாயில் மட்டும் இருந்த பெயர். இப்போது சிவகாசியில் வேல்மயில் அண்ணன் சொல்கிறார், சுகிதான் மேடம். மதுரையில் அந்த நளாயினி தன் கம்ப்யூட்டரில் எழுத்துருப் பட்டியலைத் திறக்கிறாள், நீளமான பட்டியல், விரலால் உருட்டுகிறாள், கீழே கீழே போகிறாள், அங்கே சுகி இருக்கிறாள், கிளிக். யாருக்கோ மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ். கிளிக். யாருக்கோ கடைதிறப்பு. சுகியைப் பெரிசாக்கு, சுகியைக் கறுப்பாக்கு, சுகி வேண்டாம், வேற போடு. அதோடு அது சுகி இரண்டு. இரண்டாவது. நல்ல பெயர் வைத்தான். முதல் சுகி வீட்டில் துணி மடித்துக்கொண்டு சாய்ந்த ழவோடு இருக்கட்டும், இரண்டாவதுக்கு நிமிர்ந்த ழ. சீ, என்ன யோசனை இது, எழுத்துருவைத் திருத்தினால் இரண்டு என்றுதான் போடுவார்கள், உலகம் முழுக்க அப்படித்தான். தெரியும். தெரிந்து என்ன செய்ய.

நளாயினி ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்த மறுநிமிஷம் அவள் படியேறி வந்தாள், கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, செருப்பை எங்கே விடட்டும் அக்கா என்று கேட்டுக்கொண்டு. அக்கா. இவளைவிட ஒரு வயசு குறைவாக இருக்கலாம், இருக்காது. மதுரையில் இவளைப்போலவே பக்கம் வடிவமைக்கிறவள், பாளையங்கோட்டையில் ஏதோ வேலையாக வந்தவள், சாருடைய எழுத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று. சாளைமீன் வாங்கிச் சாளைப்புளி வைத்து, அவிச்ச முட்டை வைத்து, அப்பளம் பொரித்து, இவள்தான் எல்லாம் செய்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவள் இடதுகையால் தாள்களைப் புரட்டினாள், மீன் விரல் படாமல், அது வேறு ஒரு அழகு, ஒவ்வொரு தாளுக்கும் ஐயோ என்றாள். ஐயோ சார், இந்த ஸ்ரீ. ஐயோ சார், இந்த ஜ ஆடுது சார், அப்படியே பாவாடை கட்டி ஆடுது. ஆசீரின் காது சிவந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் காது சிவந்து இவள் பார்த்தது வெயிலில் சைக்கிள் மிதித்து வரும்போது மட்டும்தான். அன்றைக்கு அவன் ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ரசம் இல்லாமல் எழுந்திருக்க மாட்டான். கை கழுவிவிட்டு வந்து தாள்களை மறுபடியும் முதலிலிருந்து காட்டினான். இவள் அடுப்படியில் நின்று பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே கேட்டாள், ஐயோ, ஐயோ, ஐயோ. அதில் என்ன இருக்கிறது என்று அப்போதும் நினைத்தாள். பார்ப்பதற்கெல்லாம் ஐயோ சொல்கிறவளுக்கு எது நன்றாக இருக்கிறது எது இல்லை என்று எப்படித் தெரியும்? ஜ ஆடுவதுதான் கோளாறே. ஜ ஆடக்கூடாது, நிற்கணும். அதை இவள் மூன்று தடவை அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் மதுரை. ஓவியத் தேர்வுத் தாள் திருத்த என்று போனானே ஏப்ரலில், பத்து நாள் மதுரையில் தங்கினானே, சாயங்காலம் போன் பண்ணினால் பின்னால் பஸ் சத்தமும் டீக்கடைச் சத்தமும் கேட்குமே, ஒருநாள் சத்தமே இல்லாமல் இருந்தது, ஃபேன் மட்டும் சுற்றியது, எங்கே இருக்கீங்க அத்தான் என்றதற்கு ரூம்ல என்றான். ரூம்ல என்றால் ரூம்லதான். ஃபேன் எல்லா ரூமிலும் சுற்றும். நளாயினி வீட்டிலும் சுற்றும். அவள் வீட்டில் ஒரு மேஜை இருக்கும், அதில் இவன் குனிந்து ழவின் காலை நிமிர்த்தியிருப்பான், அவள் பின்னால் நின்று, நெற்றியில் கண்ணாடியோடு. சுகிர்தா அவனுக்குப் போன் போட்டாள். படுக்கையறையில் மணி அடித்தது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள். திரையில் அவளுடைய பெயர், சுகி, ஒரு தவறிய அழைப்பு. விரலால் இழுத்துத் திறக்கிற கோடு அவளுக்குத் தெரியும், அவன் ஒளித்ததில்லை, ட வரைகிற மாதிரி ஒரு இழுப்பு. கட்டைவிரல் திரைக்குமேல் நின்றது. ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம் ஒன்று. எதுவுமே இல்லாமல் வெறும் எழுத்துப் பேச்சாக மட்டும் இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது. இது எதுவுமில்லை, இது வெறும் ழ, என்று தெரிந்தபிறகும் வலித்தால் அதை யாரிடம் போய்ச் சொல்ல? புருஷன் வேறு பொம்பளையோடு போனான் என்றால் அழுவதற்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். புருஷன் வேறு பொம்பளைக்கு நல்ல ழ கொடுத்தான் என்றால் சிரிப்பார்கள். போனைத் தலையணைமேல் வைத்தாள், முகம் கீழே இருக்கும்படி, பிறகு அவன் வைத்த மாதிரி இல்லையே என்று திருப்பி வைத்தாள்.

வேல்மயில் அனுப்பியது வந்து கிடந்தது. தன் புருஷன் வரைந்த எழுத்தை, தன் பெயரை, சிவகாசியிலிருந்து வாட்ஸ்அப்பில் வாங்குகிறாள். கீழே ஒரு கும்பிடு வேறு போட்டிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பழசை எடுத்துவிட்டு, இதை ஏற்றினாள். மோசமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், வெளிப்படையாகவே, ஆண்டவரே இது மோசமாக இருக்கட்டும். திரை ஒரு தடவை சிமிட்டியது. பக்கம் முழுக்க எழுத்துகள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்ட மாதிரி நகர்ந்து உட்கார்ந்தன. கூழைக்கடா. ழை நின்றது. யார்மேலும் சாயாமல், தன் காலில், அடிச்சுழியை அளவாக உள்ளே மடித்துக்கொண்டு நின்றது. தாழைக்கோழி. நாமக்கோழி. உழவாரன். பறவைப் புத்தகத்தில்தான் எத்தனை ழ. ஒவ்வொன்றும் நின்றது. அடுத்த பக்கத்தில் தனியாக ஒரு வார்த்தை மட்டும் போய் விழுந்து அவளை ஒரு வாரமாகப் படுத்திய வரி, தானாக மேலேறிச் சேர்ந்துகொண்டது. அழகாக இருந்தது. அழகாக இருப்பதைப் பார்த்து அவளுக்கு இப்படி ஆத்திரம் வந்ததில்லை. மேலும் பார்த்தாள். ணவின் மூன்று சுழிகளும் சின்ன எழுத்தில் மை அடைத்துக் கறுப்பாகிவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள், சுழிகள் திறந்திருந்தன. கொம்பு எழுத்தை விட்டு எட்டி நிற்கிறது, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி என்று சொல்லியிருந்தாள், கொம்பு பக்கத்தில் வந்திருந்தது. கீயின் சுழி மேல்வரியில் போய் இடிக்கிறது என்று சொல்லியிருந்தாள், இடிக்கவில்லை. ஜவைத் தேடினாள், முன்னுரையில் ஜனவரி இருந்தது. ஜ ஆடவில்லை. நின்றது.

ஜ நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அப்படியானால் அவ்வளவும் இவள் சொன்னது. ஒன்றுவிடாமல். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உனக்குப் பழகிரும் சுகி, பழகிரும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன் எல்லாவற்றையும் காதில் வாங்கி, எங்கோ வைத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறான். திருத்தி, கொண்டுபோய், அவளிடம் கொடுத்திருக்கிறான். ஐயோ சார் என்றிருப்பாள். இவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துச் சொன்னதெல்லாம் அங்கே போய் ஐயோவாக ஆகியிருக்கிறது. இவள் அரைத்த மசாலா, அவள் வீட்டுப் பந்தி. இதற்கு அந்த ழவை நளாயினியே சொல்லி அவன் திருத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அது வேறு கணக்கு. இது என்ன? இதற்கு என்ன பெயர்? ஒருவேளை இது பாசம். பாசத்தை இப்படியா சுற்றுவழியில் மதுரைக்கு அனுப்பி, சிவகாசி வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்?

வெளிக்கதவு திறந்தது. "ஊளி நல்லா இருந்துச்சு சுகி, கொழம்புக்குத்தான் ஆகும்" என்று சொல்லிக்கொண்டே ஆசீர் வந்தான், பையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் திரும்பவில்லை. அவன் அடுப்படிக்குப் போகிற வழியில் திரையைப் பார்த்துவிட்டான். அவன் நின்றது அவளுக்கு முதுகில் தெரிந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றான்.

"சிவகாசியில இருந்து. நளாயினி ஃபைலோட அங்க போயிருக்கு. அவளுக்கு நீங்க குடுத்தீங்களா?"

"குடுத்தேன்." பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அவ பிரஸ்ஸுக்கு அனுப்புவான்னு நெனைக்கல."

"பிரஸ்ஸுக்கு ஃபைல் போனா கூட ஃபான்ட்டும் போகும் அத்தான். அது உங்களுக்குத் தெரியும்."

அவன் பையை இன்னொரு கைக்கு மாற்றினான்.

"ழவும் ணவும் கொம்பும் நான் சொன்னதுதானே? ஒண்ணாவது அவ சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாம் நீ சொன்னதுதான்."

"அப்போ என்கிட்ட ஏன் காட்டல?"

அவன் பையைத் தரையில் வைத்தான், பிறகு தரை நாறுமே என்று எடுத்துக்கொண்டான். "காட்டலாம்னுதான் இருந்தேன். உன்கிட்ட காட்டுனா நீ அடுத்தது சொல்லுவ. அதுவும் சரியாத்தான் இருக்கும். அதான் எனக்கு..." என்று நிறுத்தினான். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாராவது பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லி அத்தோட நிறுத்தணும் போல இருந்துச்சு சுகி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்ல என்றதை அவள் நம்பினாள். நம்பியதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. வேறு ஏதாவது இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், பெட்டியைக் கட்டியிருக்கலாம், அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். நல்லா இருக்கு என்ற ஒரு வார்த்தைக்காக மனுஷன் மதுரை வரைக்கும் போயிருக்கிறான். தான் அதைச் சொன்னதே இல்லையா? தேடினாள். மனசுக்குள் எத்தனையோ தடவை சொன்னது ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவும்போது, அவன் தூங்கும்போது, தாள்களை ஸ்கேனரில் வைத்து மூடும்போது. வாயால் சொன்னது ஒன்றும் அகப்படவில்லை. இப்போது சொல்லலாம். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது, அவன் மீன் பையோடு பக்கத்தில் வந்து நின்று, கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து பக்கத்தைப் பார்க்கிறான்.

"எப்படி இருக்கு?" என்றான்.

நல்லா இருக்கு. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அது நளாயினி சொன்ன வார்த்தை. இதே எழுத்தைப் பார்த்து இதே வார்த்தையை அவள் முதலில் சொல்லிவிட்டாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. தான் சொன்னால் அது இரண்டாவதாக இருக்கும். அவள் கண் பக்கத்தில் ஓடியது. குளங்களுக்கு. குஞ்சுகளுக்கு. கூடுகளுக்கு.

"ளு பாருங்க" என்றாள். "சுழி நீளம். பக்கத்துல க் வந்தா அடியில போய் முட்டுது."

சொன்னபிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குப் பக்கத்தில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, வெயிலும் மீனும் கலந்த வாசனை. திறந்து பார்த்தபோது அவன் காது சிவந்திருந்தது. வெயிலோ என்னவோ.

"ஆமா" என்றான். மெல்ல இன்னொரு தடவை, "ஆமா. முட்டுது." பிறகு, "அவ இத பாக்கவே இல்ல."

அந்த நாலு வார்த்தையும் அவளுக்குள் ஜில்லென்று இறங்கின. வெட்கமாக இருந்தது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்க்கவே இல்லையாம். இவ்வளவு ஐயோ சொல்லியும் ளுவைப் பார்க்கவில்லையாம். அவன் மீனை அடுப்படித் தொட்டியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியை இழுத்தான். அவள் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். ளு திரை முழுக்கப் பெரிசாக வந்து நின்றது. அவன் சுழியின் ஓரத்துப் புள்ளியைப் பிடித்து உள்ளே தள்ளினான். "இவ்வளவா?" "இன்னும்." "இப்போ?" "ரொம்ப. வெட்டுன மாதிரி இருக்கு. வெளிய விடுங்க. போதும்." அடுப்படி ஜன்னலில் ஒரு காக்கா வந்து தொட்டியை எட்டிப் பார்த்துக் கத்தியது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் இடையிடையே அவளுக்கு ஏப்ரல் மாசத்து ஃபேன் சுற்றியது. ரூம்ல என்றான், ரூம்லதான். நம்பினாள். நம்பிக்கொண்டே அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதையும் அவளுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள், பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கேட்கிற மாதிரி.

"நீ சொல்லு" என்றான் அவன், தலை நிமிராமல்.

அவள் சொல்லவில்லை. எழுத்துருவை அவன் முடித்துக் கொடுத்ததும் புத்தகத்தில் ஏற்றினாள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி வரியாகப் பார்த்தாள், தள்ளிய இடங்களைச் சரிசெய்தாள். எல்லாம் முடிந்தபின் மொத்தப் புத்தகத்திலும் எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றினாள். இனிமேல் அவை பார்வைக்கு மட்டும்தான் எழுத்து. யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, இன்னொரு பக்கத்தில் தட்டச்சு செய்ய முடியாது, ஞானமுத்து சார் தலைகீழாக நின்றாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அவர் நாளைக்குக் கத்துவார். அடுத்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்தாலும் கொடுப்பார், மதுரைக்கே கொடுத்தாலும் கொடுப்பார். மாற்றிவிட்டு அனுப்பினாள். ஆசீர் பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேல்மயில் கூப்பிட்டார். சாப்பிட்ட குரல். "மேடம், இது என்ன, எல்லாம் கோடா வந்துருக்கு? ஒரு எழுத்து தப்புன்னாக்கூட இங்க மாத்த முடியாதே?"

"மாத்த வேண்டாம்ண்ணே. அப்படியே போடுங்க. நான் பாத்துட்டேன்."

"ஃபான்ட்டு?"

"அது வராது."

"சரி மேடம்." கொஞ்சம் தயங்கினார். "அப்போ எங்ககிட்ட இருக்கே, சுகி ரெண்டு, அது?"

சுகிர்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பழசுண்ணே" என்றாள்.